நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

எங்கள் கம்பெனி வேனில் திங்கட்கிழமை காலைகளில் ஒரு வழக்கம் உண்டு. திருவேற்காட்டில் கிளம்பும் வேன் அயனம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் வந்து என்னை ஏற்றிக்கொண்டதும், இப்போது என்ன புத்தகம் படிக்கிறோம் என்று ஒவ்வொருத்தராகச் சொல்ல வேண்டும். புத்தகத்தின் பெயர், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம், பிடித்திருக்கிறதா இல்லையா. அவ்வளவுதான். படிக்காதவர்கள் ‘பாஸ்’ என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அம்பத்தூர் எஸ்டேட் கேட் வருவதற்குள் பதினொரு பேரும் சொல்லி முடித்து, மிச்ச நேரத்தில் சீரியல் கதையும் பேசிவிடுவோம். டிராஃபிக் அப்படி.

இதை ஆரம்பித்து வைத்தவள் நான்தான். பக்க எண்ணைச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டமும் நான் போட்டதுதான். பேக்கிங்கில் இருக்கும் ஒரு அம்மா இரண்டு மாதமாக ஒரே ஆன்மிகப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டால் “அருமையா இருக்கு மேடம்” என்பார். ஒருநாள், “எந்தப் பக்கத்துல இருக்கீங்க, அதைச் சொல்லுங்க, அப்பதான் நம்புவோம்” என்று மடக்கினேன். அவர் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, பன்னிரண்டு என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் அண்ணன்கூட ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அன்றைக்கு முழுவதும் தலைகால் புரியவில்லை.

நான் அப்படிப்பட்டவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. துணி ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் எனக்குப் பணியாளர் பிரிவில் வேலை. மற்றவர்கள் தையலிலும் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருப்பவர்கள். வேன் என் வீட்டு வழியாகப் போவதால் நானும் அதில் ஏறிக்கொள்கிறேன். எல்லோருக்கும் நான் ‘படிக்கிற மேடம்’. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கென்று நானே சம்பாதித்துக்கொண்ட பேர் இது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

ஏனென்றால், போன வருஷத்திலிருந்து நான் படிக்கவே இல்லை.

பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் இல்லை. பையன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனான். கணவருக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் நேரம் கொட்டிக் கிடந்தது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை நாலு தடவை படித்துக்கொண்டிருப்பேன். கை தானாகப் போனை எடுக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் யாரோ எங்கேயோ வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணில்தான் கோளாறு என்று டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே வரியை இன்னும் தெளிவாக நாலு தடவை படித்தேன்.

திங்கட்கிழமை மட்டும் தவறாமல் வந்தது. முதல் வாரம் பின்னட்டையில் இருந்ததை வைத்துச் சமாளித்தேன். அடுத்த வாரம் அத்தியாயத் தலைப்புகளை வைத்து. பிறகு பழகிவிட்டது. வாரத்துக்கு முப்பது பக்கம் என்று நானே கூட்டிச் சொல்வேன். புத்தகத்தில் இருக்கும் ரிப்பன் அடையாளத்தையும் ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அங்கே நகர்த்தி வைத்துவிடுவேன். யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை, ஆனாலும் நகர்த்துவேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அப்படி நான் ‘படித்துக்கொண்டிருந்த’ புத்தகங்களில் ஒன்று, சின்ன ஊரில் மெஸ் நடத்தும் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றிய நாவல். படித்தால் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. நிஜமாகவே முதல் முப்பது பக்கத்தைப் படித்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த முப்பதை வைத்தே ஐந்து திங்கட்கிழமைகள் வேனைச் சிரிக்க வைத்தேன். தம்பிக்காரன் சாம்பாரில் தண்ணீர் ஊற்றும் காட்சியை நடித்தே காட்டினேன்.

அந்தப் புத்தகத்தை ஆரம்பிப்பதற்கு நாலு மாசம் முன்புதான் எங்கள் வேனில் வரும் ஒருத்தி விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி வந்திருந்தாள். செக்கிங்கில் இருப்பவள். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயசு இருக்கும். திருவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அங்கே வயல் இருந்த காலத்தில் கூலிக்குப் போனவர்கள். இப்போது அந்த வயலில் எல்லாம் ஃபிளாட். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். எட்டாம் மாசம் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அவளுடைய விடுப்புத் தாளை வாங்கி ஃபைலில் வைத்தவள் நான்தான்.

அவள் திரும்பி வருவதற்கு முந்தின நாள் வேனில் எல்லோருமாகப் பேசி ஒரு முடிவு எடுத்தோம். அதைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது, கேட்டால் பாவம் கஷ்டப்படுவாள் என்று. திறக்கவும் இல்லை. வந்தாள், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். நாங்கள் முன்னைவிட அதிகமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போனோம். ஐந்து மாசம் அப்படியே ஓடியது.

ஒரு திங்கட்கிழமை, நான் என் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

“அக்கா, சிரிப்பா கீதுன்னு சொல்லிகினு வரீங்களே, அந்த புக்கு எனக்குக் குடுப்பீங்களா? ஊட்ல ஒக்காந்தா ஒரே நெனப்பா கீது. அவரும் பேச மாட்டேன்றாரு, மாமியாரும் பேச மாட்டேன்றாங்க. எதுனா படிச்சா தேவலன்னு தோணுது.”

“அதுக்கென்னம்மா, எடுத்துக்கோ” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணுக்கா. அதுல கொயந்த சாவுற மாரி எதுனா வருதா? வந்தா வோணாம்.”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நூத்தி எண்பதுக்கு வந்துட்டேன், முழுக்கச் சிரிப்புதான். நீ முதல்ல படி, மிச்சத்தை நான் அப்புறமா படிச்சுக்கறேன்.”

பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் தள்ளிக் கொடுத்திருக்கலாம். யோசிக்கக்கூட இல்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரிப்பன் நூற்று எண்பதில் ஒழுங்காக இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் அவள் என் அறைக்கு வந்தாள். நான் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் உட்காரவில்லை. புத்தகத்தை விரித்து என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். செக்கிங்கில் சட்டையில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அது அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கு நேராக ஒட்டியிருந்தது.

“இங்க” என்றாள்.

படித்தேன். மெஸ்ஸில் மாவாட்டும் பெண்ணின் ஒரு வயசுக் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று வரியில் குழந்தை செத்துப் போகிறது. நாலாவது வரியில் மறுநாள் மெஸ் திறக்கிறார்கள்.

“நூத்தி எம்பது வரிக்கும் படிச்சேன்னீங்களேக்கா. இது நூத்தி நாப்பத்திரெண்டு.”

இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். படிக்காமலே படித்தேன் என்று சொன்னேன்; அல்லது, தெரிந்தேதான் கொடுத்தேன். எந்த மனுஷியும் முதலாவதைத்தான் சொல்லியிருப்பாள். நான் இரண்டாவதைச் சொன்னேன். ‘படிக்கிற மேடம்’ அந்த நிமிஷத்திலும் தன் பேரைத்தான் காப்பாற்றிக்கொண்டாள்.

“தெரிஞ்சுதாம்மா கொடுத்தேன். நீ அழவே இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. உள்ளேயே அடக்கி வெச்சா உடம்புக்கு ஆகாது. அழுதா கொஞ்சம் பாரம் குறையும்னுதான்…” பணியாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கம்பெனி ஒரு நாள் வகுப்பு எடுத்திருந்தது. அதில் கற்றுக்கொண்ட குரல் அது.

“அயுவலன்னு யாருக்கா சொன்னது?” என்றாள். “டெய்லி அயுதுகினுதான்கா கீறேன். இங்கயே, பாத்ரூம்ல.”

நான் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

“கேட்டேனேக்கா. வந்தா வோணாம்னு கேட்டேனே.”

புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதை ஏன் என்னிடமே விட்டுவிட்டுப் போகவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. டப்பாவை அப்படியே மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை வேனில் அவள் முறை வந்தபோது பாஸ் சொல்வாள் என்று நினைத்தேன். “நூத்தி நாப்பத்திரெண்டு” என்றாள்.

“பிடிச்சிருக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“தெர்ல.”

“மேடம் குடுத்ததாச்சே, நல்லாத்தான் இருக்கும்” என்றாள் தையலில் இருக்கும் ஒருத்தி. என் முறை வந்தது. பையில் வேறொரு புத்தகம் இருந்தது. அதற்குச் சொல்ல வேண்டிய பக்கத்தையும் முந்தின நாளே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் வாய் வரவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ‘பாஸ்’ என்றேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மேடத்துக்கு உடம்பு சரியில்ல போல” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்த அனுதாபம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றைக்குச் சாயந்திரம் நான் ஏரிக்கரையில் இறங்கியபோது அவளும் இறங்கினாள். அவள் வீட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. வேன் போன பிறகு, “ஷேர் ஆட்டோ புட்ச்சு போய்க்கறேன்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

“அந்த மாவாட்டுற பொம்பள கீறாளே, கொயந்தயோட அம்மா. அவ இன்னா ஆனா? எயுந்துக்கினாளா? அத்த மட்டும் சொல்லுங்க. எயுந்துக்கினான்னா நான் மேல படிக்கிறேன். இல்லன்னா என்னால முடியாதுக்கா. நாலு நாளா அந்தப் பக்கத்துலயே கீறேன்.”

எழுந்துவிட்டாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் அதைத்தான் கேட்க வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. நல்ல எண்ணம் என்றெல்லாம் சொல்லமாட்டேன், பயம்தான். சொன்னபடி அவள் மேலே படித்து, அங்கே வேறு மாதிரி இருந்துவிட்டால்?

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “முப்பது பக்கத்துக்கு மேல நான் படிக்கவே இல்ல. அந்தப் புக்கை மட்டும் இல்ல, ஒரு வருஷமா எதையும் படிக்கல. வேன்ல சொன்னது எல்லாம் சும்மா.”

“அப்போ தெரிஞ்சி குடுக்கலியா?”

“இல்ல.”

அவள் மூச்சை விட்டாள். “நல்லவேளக்கா” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தெரிஞ்சே குடுத்தீங்கன்னு நெனச்சிதான்கா எனக்கு ஆறவே இல்ல. இவ அயுவட்டும்னு ஒருத்தர் முடிவு பண்ணி குடுப்பாங்களான்னு. அத்தொட்டு நீங்க பண்ணது சரின்னு சொல்லல.”

“சரியில்லைதான்.”

பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். “படிங்க. படிச்சிட்டு அவ எயுந்துக்கினாளா இல்லியான்னு சொல்லுங்க. பொய் சொன்னீங்கன்னா நானே படிச்சுப் பாத்துருவேன்.” ஆட்டோ வந்தது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் நான் படித்தேன். படிக்கும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வரியும் இழுத்தது. போனைக் கொண்டுபோய்ப் பீரோவில் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். முப்பதாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, நூற்று நாற்பத்திரண்டைத் தாண்டி, அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டே போனேன். தம்பிக்காரனின் கோமாளித்தனம் எதுவும் சிரிப்பை வரவழைக்கவில்லை. அந்தப் பெண் எங்கே, அந்தப் பெண் எங்கே என்றுதான் இருந்தது.

நூற்று அறுபதாம் பக்கத்தில் மெஸ்ஸில் வேறொருத்தி மாவாட்டிக்கொண்டிருக்கிறாள். பழையவள் என்ன ஆனாள் என்று ஒரு வார்த்தை இல்லை. யாரும் கேட்கவில்லை. அண்ணன் தம்பிகள் பெரிய ஓட்டல் வைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், தம்பிக்குக் கல்யாணம் ஆகிறது, ஊரே சாப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கம் வந்தது. முந்நூற்றுப் பத்து. குழந்தையின் அம்மா திரும்ப வரவே இல்லை. விட்டிருப்பேனோ என்று பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். இல்லை.

எழுதியவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று வரியில் ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டு, பெற்றவளை அப்படியே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். கணவரிடம் அரை மணி நேரம் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “உங்க வேன்ல வருமே ஒரு பொண்ணு, அது இப்ப எப்படி இருக்கு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாசம் அவளோடு ஒரே வேனில் போய் வந்திருக்கிறேன். பாத்ரூமில் அழுகிறாள் என்பதுகூட அவளே வந்து சொல்லித்தான் தெரியும். அவளைத் தவிர நாங்கள் பத்துப் பேரும் அதே புத்தகத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நான் அழுதேன்.

மறுநாள் வேனில் ஏறினேன். என் முறை வரும்வரை காத்திருக்க முடியவில்லை. “முந்நூத்திப் பத்து. முடிச்சுட்டேன். பிடிக்கல” என்றேன். “இன்னொண்ணும் சொல்லணும். ஒரு வருஷமா நான் சொன்ன பக்கமெல்லாம் பொய். எதையும் படிக்கல.” யாரோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் எழுந்து ஜன்னல் சீட்டுக்குப் போனேன்.

“அவ வரவே இல்லம்மா” என்றேன். “எழுந்தாளா, செத்தாளான்னு எதுவும் இல்ல. வேற ஒருத்தி வந்து மாவாட்டுறா. அவளை யாருமே கேக்கல.”

அவள் தலையை ஆட்டினாள். எதிர்பார்த்திருந்தாள்போல. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். டிரைவர் அண்ணன் ரேடியோவை நிறுத்திவிட்டிருந்தார்.

ஆணா பெண்ணா என்று ஃபைலில் நான் வைத்த தாளில் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. “என்ன குழந்தைம்மா?” என்று கேட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

“பொண்ணுக்கா.”

பின் சீட்டில் இருந்த பேக்கிங் அம்மா, “எவ்ளோ எடைடீ இருந்தா?” என்று கேட்டார். பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோரும் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“ரெண்டு கிலோ சொச்சம்னாங்க.” அவள் பின் சீட்டுப் பக்கம் திரும்பினாள். “தல நெறய முடியாம். நர்ஸம்மா சொன்னாங்க. நான் பாக்கலக்கா. ஊட்ல எல்லாரும் சேந்து, எனக்குக் காட்ட வோணாம்னு முடிவு பண்ணிட்டாங்க.”